சக்சோபென் இடிபாடுகளும் பக்கத்துக் கிராமமும்: ஒரு கரைச் சுற்றுலாவின் நிகழ்வு ஆய்வு

மெக்சிகோவின் கிந்தானா ரோ மாநிலத்தின் தென்பகுதியில், பெலீஸ் எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத மஹாவால் என்ற மீனவ ஊரை ஒட்டிக் கோஸ்டா மாயா துறைமுகம் இருக்கிறது. அமெரிக்காவின் தென்கரையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்கள் காலையில் இங்கே வந்து அணைகின்றன, மாலையில் கிளம்பிவிடுகின்றன. அந்த இடைவெளிக்குள் பயணிகளுக்கு விற்கப்படும் கரைச் சுற்றுலாக்களில் நெடுநாளாக நிலைத்திருக்கும் வகை ஒன்று உண்டு. உள்நாட்டில் காட்டுக்கு நடுவே இருக்கும் சக்சோபென் தொல்லியல் களத்தைப் பார்ப்பது, பிறகு இந்த வட்டாரத்தின் பூர்வகுடிகளான மாயா மக்களின் குடும்பம் ஒன்றின் வீட்டில் மக்காச்சோள ரொட்டி சுடுவதைக் கண்டு உண்டு, தேன் சுவைத்து, கைவினைப் பொருள் வாங்கிக்கொண்டு கப்பலுக்குத் திரும்புவது என்பது அதன் அமைப்பு. இடிபாடு, கிராமம் என்ற இரண்டையும் ஒரே நாளில், ஒரே சீட்டில் சேர்த்துத் தரும் இந்தச் சுற்றுலாவே இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. வாழ்நாள் அனுபவம் என்று புகழ்வோரும் உண்டு. இரண்டு தீர்ப்புகளும் அவசரப்பட்டவை என்பது என் கருத்து. களம் உண்மையானது; அதைப் பேணும் பணி முறையாக நடக்கிறது; ரொட்டி சுடும் பெண்ணின் கைத்திறனில் பொய் எதுவும் இல்லை. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. கோயிலைக் கட்டியவர்களுக்கும் அடுப்படியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இடையே உள்ள வரலாறு இந்தச் சுற்றுலாவில் சொல்லப்படுவதே இல்லை. அந்த வரலாறு இல்லாமல் பார்க்கும்போது இடிபாடு புதிராகவும் கிராமம் வேடிக்கையாகவும் ஆகிவிடுகின்றன. ஏன் இப்படி நடக்கிறது, இருக்கிற நேரத்துக்குள் இதைச் சரிசெய்ய முடியுமா என்பவற்றையே பின்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

துறைமுகம் வந்த கதை

இந்தக் கரை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னந்தோப்புகளாலும் கொப்பரை வணிகத்தாலும் வாழ்ந்தது. 1955 செப்டம்பரில் வந்த ஜேனட் புயல் தெற்கே இருந்த ஷ்கலாக் ஊரையும் தோப்புகளையும் அழித்துவிட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் மீன்பிடித்தலைத் தவிர வேறு பெரிய தொழில் இல்லை. மாநிலத்தின் வடக்கே உள்ள கான்கூன் நகரைச் சுற்றி வளர்ந்த சுற்றுலாவின் பயனைத் தெற்குக்கும் கொண்டுவரும் முயற்சியில் 2001இல் சொகுசுக் கப்பல் துறை திறக்கப்பட்டது. 2007 ஆகஸ்ட் 21 அன்று ஐந்தாம் வகைப் புயலான டீன் மஹாவாலுக்கு அருகிலேயே கரையைக் கடந்து கப்பல் துறையை நொறுக்கியது. 2008இல் கப்பல்கள் திரும்பும் வரை ஊருக்கு வருமானமே இல்லை. 2020 மார்ச் முதல் 2021 நடுப்பகுதி வரை பெருந்தொற்றினால் அதே நிலை மீண்டும் வந்தது. கப்பல் நின்றால் அனைத்தும் நிற்கும் என்ற இந்தச் சார்பு நிலையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பின்னர் வரும் பணக் கணக்கைப் படிக்க வேண்டும்.

நேரத்தின் ஆட்சி

கரைச் சுற்றுலாவை உண்மையில் வடிவமைப்பது கடிகாரம்தான். கப்பல் எட்டு, ஒன்பது மணி நேரம் துறையில் நின்றாலும் பயணியின் கைக்கு அது முழுதாக வருவதில்லை. நீளமான கப்பல் மேடையில் நடந்து, கடைகள் நிறைந்த துறைமுக வளாகத்தைக் கடந்து, குழுவைத் தேடிச் சேர்ந்து பேருந்தில் ஏறுவதிலேயே கணிசமான நேரம் போய்விடும். அங்கிருந்து சக்சோபெனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். திரும்பவும் அதே அளவு. கப்பல் புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பாவது பேருந்து வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று நடத்துநர்கள் கணக்கிடுகிறார்கள். இவற்றைக் கழித்தால் களத்துக்கும் கிராமத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிந்தானா ரோ மாநிலம் 2015 பிப்ரவரியில் தன் நேர வலயத்தை மாற்றிக்கொண்டு, ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. அமெரிக்கத் துறைமுகங்களோ கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கின்றன. ஆகவே கப்பல் நேரமும் கரை நேரமும் சில மாதங்களில் ஒன்றாகவும் சில மாதங்களில் வேறாகவும் இருக்கும். கப்பல் நிறுவனத்தின் வழியாகச் சீட்டு வாங்கியவர்களின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே தனியாக ஏற்பாடு செய்துகொண்டவர்களுக்காகக் காத்திருக்காது. இந்த ஓர் அச்சமே பெரும்பான்மையோரைக் கப்பலுக்குள் விற்கப்படும் சீட்டின் பக்கம் தள்ளுகிறது. உள்ளூர் நடத்துநர் எவ்வளவு நன்றாகச் சுற்றிக்காட்டினாலும், குறைந்த விலையில் தந்தாலும், இந்த உத்தரவாதத்தோடு அவரால் போட்டியிட முடியாது.

நேரம் குறையும்போது எது வெட்டப்படுகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தொல்லியல் களத்துக்கு நுழைவுச்சீட்டு முன்கூட்டியே கணக்கிடப்பட்டுவிடுகிறது. கப்பல் நிறுவனத்தின் விளம்பரப் படத்தில் இருப்பதும் அதுவே. அதனால் அதில் கைவைக்கமாட்டார்கள். சாலையில் அரை மணி நேரம் தாமதம் என்றால் கிராமத்து நேரத்திலிருந்துதான் அது கழியும். கிராமம் எப்போதும் இரண்டாவதாக வைக்கப்படுவதால் அன்றைய நாளின் எல்லாத் தாமதங்களையும் தாங்கிக்கொள்ளும் சுமை அதன் தலையில் விழுகிறது.

காட்டுக்குள் கோயில்கள்

சக்சோபெனைப் பற்றி நிறைவாகவே சொல்லலாம். கி.மு. 200 அளவில் இங்கே மக்கள் குடியேறியிருந்தார்கள் என்றும், இன்று காணப்படும் கட்டடங்களில் பெரும்பாலானவை கி.பி. 700ஐ ஒட்டிய காலத்தவை என்றும் தொல்லியலாளர்கள் கணிக்கிறார்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் பீட்டர் ஹாரிசன் 1972இல் இந்தக் களத்தை மெக்சிகோ அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். மானுடவியல், வரலாற்றுக்கான தேசிய நிறுவனம் 1994இல் அகழ்ந்து சீரமைக்கத் தொடங்கியது. பொதுமக்களுக்கு 2002இல் திறந்துவிடப்பட்டது. துறைமுகம் திறந்த மறு ஆண்டே களமும் திறக்கப்பட்டது என்பதிலிருந்து இரண்டும் எவ்வளவு பிணைந்தவை என்பது புரியும்.

களத்தில் முதலில் எதிர்ப்படுவது 24ஆம் கோயில். மூலைகள் கூர்மையாக முடியாமல் வளைந்திறங்கும் படிக்கட்டுப் பிரமிடு அது. குவாதமாலாவின் பெத்தென் வட்டாரக் கட்டடக் கலையோடு உறவுள்ள பாணி. அதற்கப்பால் பேரடித்தளம் என்று அழைக்கப்படும் உயர்ந்த மேடையும், அதன்மேல் முதலாம் கோயிலும் உள்ளன. கோஹூன் பனைகளின் பெரிய ஓலைகள் நடைபாதையின் மேல் கூரைபோலக் கவிந்திருக்கின்றன. செம்பட்டை உரியும் மரங்களும் இலவ மர வகையைச் சேர்ந்த, மாயா மக்கள் புனிதமாகக் கருதும் சேபாவும் ஊடே நிற்கின்றன. ஏற அனுமதியில்லை; நடந்து சுற்றிவரலாம். அளவில், புகழ்பெற்ற மாயா நகரமான சிச்சென் இட்சாவோடு ஒப்பிட முடியாது. ஆனால் நெரிசல் இல்லாத நேரத்தில் இதைப் பார்ப்பவர்கள் அதைவிட இதையே விரும்பக்கூடும். பெரும்பகுதி இன்னும் மண்ணுக்கும் வேருக்கும் அடியிலேயே இருப்பதால், அகழப்படாத மேடு எப்படி இருக்கும், அகழ்ந்தது எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இந்தக் களத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது பிரமிடு அல்ல. நகரம் கைவிடப்பட்டு நெடுங்காலம் கழிந்த பின்னரும் மக்கள் இங்கே வந்து தூபக் கலங்களை வைத்து வழிபட்டிருக்கிறார்கள். உடைந்த அந்தக் கலங்கள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. குடிமக்கள் போய்விட்டாலும் இடம் மறக்கப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நல்ல வழிகாட்டிகள் இதைச் சொல்கிறார்கள். ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் கதையின் போக்கு வேறு: வானியல், நாட்காட்டி, 2012 டிசம்பர் 21 அன்று உலகம் முடியும் என்று எழுந்த பரபரப்பு, பலி, பிறகு "திடீரென மறைந்துபோன" நாகரிகம். தெற்குத் தாழ்நில நகரங்கள் 9ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கைவிடப்பட்டது உண்மை. நீண்ட வறட்சி, அரசுகளுக்கிடையிலான போர்கள், நிலத்தின் மீதான பெருஞ்சுமை என்று காரணங்கள் பல. ஆனால் வடக்கே நகரங்கள் தொடர்ந்தன. மாயாபான் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நின்றது. கடைசி மாயா அரசு ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1697இல்தான். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் யுகத்தான் மாயா மொழி பேசுவோர் 7,70,000க்கும் மேல். இத்தனை பேர் பேசும் மொழிக்கு உரியவர்களைப் பற்றி "மறைந்துபோனவர்கள்" என்று சொல்லி முடித்துவிட்டு, அடுத்த அரை மணி நேரத்தில் அவர்கள் வீட்டு வாசலிலேயே பேருந்தை நிறுத்துகிறார்கள்.

சொல்லப்படாத வரலாறு

பேருந்து ஓடும் இந்த நிலம் அமைதியான பின்புலம் அல்ல. யுகத்தான் தீபகற்பத்தில் கரும்புத் தோட்டங்கள் மாயா மக்களின் சோள நிலங்களை விழுங்கிக்கொண்டும், வரியும் தேவாலயக் கட்டணமும் அவர்களை நெருக்கிக்கொண்டும் இருந்த காலத்தில், 1847 ஜூலையில் கிளர்ச்சி வெடித்தது. வரலாற்று நூல்கள் அதைச் சாதிப் போர் என்று குறிப்பிடுகின்றன. தோல்வியின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட கிளர்ச்சியாளர்கள் கிழக்குக் காடுகளுக்குள் பின்வாங்கினார்கள். 1850இல் அங்கே ஒரு கிணற்றருகே பேசும் சிலுவை தோன்றியது என்ற நம்பிக்கையைச் சுற்றிச் சான் சாந்தா குரூஸ் என்ற தலைநகரம் எழுந்தது. இன்று அதற்கு ஃபெலிப்பே கரியோ புவெர்த்தோ என்று பெயர். அங்கிருந்து மாயா மக்கள் அரை நூற்றாண்டு தன்னாட்சி நடத்தினார்கள். 1858இல் பக்கலார் கோட்டையைக் கைப்பற்றினார்கள். பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் வழியே, அதாவது இன்றைய பெலீஸ் வழியே, துப்பாக்கியும் வெடிமருந்தும் வாங்கினார்கள். 1893இல் பிரிட்டனும் மெக்சிகோவும் எல்லை உடன்படிக்கை செய்துகொண்ட பின் அந்த வழி அடைபட்டது. 1901 மே மாதத்தில் தளபதி இக்னாசியோ பிராவோவின் படை தலைநகரத்துக்குள் நுழைந்தது. மறு ஆண்டே கிந்தானா ரோ தனி ஆட்சிப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. மாநிலத் தகுதி 1974இல்தான் கிடைத்தது. சிலுவையை ஊர்மக்கள் முறைவைத்துக் காவல் காக்கும் வழக்கம் திஷ்ககால் குவார்தியா போன்ற ஊர்களில் இன்னும் தொடர்கிறது.

போருக்குப் பின் வந்தது சிக்கிள் என்ற மரப்பால் தொழில். நம் ஊரில் பழத்துக்காக வளர்க்கும் சப்போட்டா மரத்தின் தாயகம் இந்தக் காடுதான். மழைக்காலத்தில் மரத்தின் பட்டையில் வெட்டுக்கத்தியால் குறுக்கும் மறுக்குமாகக் கீறி, வழியும் வெண்பாலை அடியில் கட்டிய பையில் பிடித்து, காய்ச்சிக் கட்டியாக்கி, அமெரிக்காவின் சூயிங்கம் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். மாயாத் தலைவர் பிரான்சிஸ்கோ மே அரசிடம் சிக்கிள் உரிமம் பெற்று, சில ஆண்டுகள் அந்த வணிகத்தின் மீது பெரும் அதிகாரம் செலுத்தினார். வேலை தேடி யுகத்தான் மாநிலத்திலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. பிறகு எகிதோ என்ற பொது நில உரிமை முறையில் ஊர்கள் நிலைபெற்றன: நிலம் ஊர்ச் சமூகத்துக்கு, அதைப் பயன்படுத்தும் உரிமை உறுப்பினர்களுக்கு, முடிவெடுப்பது பேரவை. செயற்கைப் பசை வந்து சிக்கிள் சரிந்தபோது மக்கள் மறுபடி சோள நிலத்துக்கும், பிறகு கரையோரக் கட்டுமான வேலைக்கும், ஓட்டல் வேலைக்கும் போனார்கள்.

இந்த வரலாறு முழுவதையும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் தாராளமாகச் சொல்லிவிடலாம். சொல்லத் தகுந்த இடமும் அதுவே; சன்னலுக்கு வெளியே இருப்பது அந்தக் காடு. ஆனால் அந்த நேரத்தில் பெரும்பாலும் நாட்காட்டி எப்படிச் சுழல்கிறது என்ற விளக்கமும், உங்கள் பெயரை மாயா எழுத்தில் அச்சிட்டுத் தரும் நினைவுப் பொருளுக்கான விற்பனைப் பேச்சும் நடக்கின்றன. அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்து அரை நூற்றாண்டு நின்ற மக்கள் என்ற செய்தி விடுமுறை மனநிலைக்குப் பொருந்தாது என்ற அச்சம் இதற்குப் பின்னால் இருக்கலாம். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். வரலாற்றைக் கேட்கவே வந்தவர்கள்தான் கடற்கரைக்குப் போகாமல் இந்தப் பேருந்தில் ஏறுகிறார்கள்.

வீட்டில்

கிராமத்தில் காட்டப்படும் வீடு மாயா மரபு வீடு. இரு முனையும் வளைந்த நீள்வட்டத் தரைத்திட்டம். காட்டுக் கழிகளை நெருக்கி நட்ட சுவர். குவானோ பனையோலை வேய்ந்த செங்குத்தான கூரை. ஆணி இல்லை, கொடிகளால் இழுத்துக் கட்டியது. உள்ளே வலைத்தூளி. வெளியே கோழி, வாழை, எலுமிச்சை, மிளகாய், மூலிகை என்று எல்லாம் ஓரிடத்தில் இருக்கும் கொல்லை. பல குடும்பங்கள் இன்று சிமென்ட் வீட்டிலும் படுத்துறங்கி, ஓலை வீட்டைச் சமையலுக்கு வைத்திருக்கின்றன. கூரை ஓலையைக் காட்டில் வெட்டிக் கொண்டுவருவதும் வேய்வதும் நாளுக்கு நாள் செலவு கூடிவரும் வேலையாகிவிட்டன. பயணிகளுக்குச் சிமென்ட் வீடு காட்டப்படுவதில்லை. அதையும் காட்ட வேண்டும் என்பேன். இரண்டு வீட்டையும் பார்க்கும்போதுதான் இது காட்சிக்கூடம் இல்லை, மனிதர் வாழும் இடம் என்பது புலப்படும்.

அடுப்படியில் நடப்பது இந்தச் சுற்றுலாவின் மிகச் சிறந்த பகுதி. முந்தைய இரவே சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து ஊறப்போட்டிருப்பார்கள். காலையில் கழுவும்போது தோல் கழன்று வரும். மணி வெளிர்மஞ்சளாகப் பளபளக்கும். சுண்ணாம்பு தோலை நீக்குவதோடு நிற்பதில்லை; சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தையும் அதுதான் விடுவிக்கிறது. ஐரோப்பாவுக்குச் சோளம் போனபோது இந்த முறை உடன் போகவில்லை. அதனால் சோளத்தை மட்டுமே தின்று வாழ்ந்த ஏழைகளிடையே பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. வீட்டுப் பெண் தாழ்வான சிறு மேசையின் முன் உட்கார்ந்து, மாவு உருண்டையைப் பிளாஸ்டிக் தாளின் மேல் வைத்து, இடக்கையால் விளிம்பை அணைத்துக்கொண்டு வலக்கை விரல்களால் தட்டித் தட்டிச் சுழற்றுகிறார். சில விநாடிகளில் வட்டம் முழுமையாகிவிடுகிறது. மூன்று கல் அடுப்பின் மேல் சூடேறிய தட்டில் போட்டு, ஒருமுறை திருப்பி, மறுமுறை திருப்பியதும் சுக்கா ரொட்டி போல உப்பி எழுகிறது. பயணிகள் தட்டிப் பார்க்கும்போது ஓரம் கிழியும், எல்லாரும் சிரிப்பார்கள், அங்கே நிகழும் ஒரே நேரடி உறவு அதுதான். நாற்பது பேர் கொண்ட குழுவில் அந்த மேசையருகே உட்காரும் வாய்ப்புக் கிடைப்பது நான்கைந்து பேருக்கு.

தேனீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுகத்தான் மாயா மக்கள் வளர்க்கும் ஷுனான் காப் என்பது கொடுக்கில்லாத தேனீ. ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வளர்க்கப்படுவது. மாத்ரித் ஏடு என்று அறியப்படும் மாயா சுவடியில் தேனீ வளர்ப்பு பற்றிய பக்கங்கள் உள்ளன. குடைந்த மரத்துண்டின் இரு முனையையும் மர மூடியால் அடைத்து, களிமண் பூசி, ஓலைக் கொட்டகையில் வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். நடுவே ஒரு சிறு துளை. அதில் ஒரு காவல் தேனீ தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். கூடு ஒன்றுக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ஓரிரு கிலோ தேன்தான். இளக்கமான, சற்றே புளிப்பேறிய அந்தத் தேன் உணவாக மட்டும் இல்லாமல் கண் நோய்க்கும் மகப்பேற்றுக்குப் பிந்தைய கவனிப்புக்கும் மருந்தாகப் பயன்பட்டுவருகிறது. காடு அழிவதாலும் வேறு தேனீக்களின் போட்டியாலும் இந்தக் கூடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. கரைச் சுற்றுலாவின் வருமானத்தால் ஒரு குடும்பம் இந்தக் கூடுகளைத் தொடர்ந்து பேணுமானால், அதை இந்தச் சுற்றுலாவின் உண்மையான நன்மை என்று தயங்காமல் சொல்லலாம்.

காட்டப்படாமலே போவது சோள நிலம். மில்பா என்னும் அந்த முறையில் சோளம், அவரை, பூசணி மூன்றும் ஒன்றாக வளர்கின்றன. காட்டை வெட்டி, மழைக்கு முன் எரித்து, முதல் மழையில் கூர்க்கழியால் குழியிட்டு விதைத்து, இரண்டு மூன்று ஆண்டு பயிரிட்டபின் நிலத்தைப் பல ஆண்டுகள் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கதிர் முற்றியதும் தண்டை மடித்துக் கவிழ்த்துவிடுவார்கள். மழைநீர் கதிருக்குள் இறங்காது, பறவையும் எளிதில் கொத்தாது. மழை தவறினால் சா சாக் என்ற மழை வேண்டல் சடங்கு நடக்கும். மாயா கிராம வாழ்வின் நடுத்தூண் இதுதான். ஆனால் கப்பல்கள் அதிகம் வரும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் வயலில் பசுமை இல்லை. அறுத்து மடித்த காய்ந்த தண்டுகளே நிற்கும். வெறும் நிலத்தைக் காட்டுவதா என்று ஏற்பாட்டாளர்கள் தயங்குகிறார்கள். காய்ந்த வயலில் நின்று ஓர் உழவர் பத்து நிமிடம் பேசினால் பயணிகளுக்குப் புரியக்கூடியது, வளாகத்தில் நடத்தப்படும் "தூய்மைச் சடங்கு" எதிலும் கிடைக்காது. கரையோரச் சுற்றுலா வளாகங்களில் காட்டப்படும், உயர்ந்த கம்பத்திலிருந்து கயிற்றில் சுழன்றிறங்கும் பறக்கும் மனிதர் ஆட்டம்கூட மாயா மரபைச் சேர்ந்ததல்ல. வெராக்ரூஸ் பக்கத்துத் தொத்தொனாக் மக்களின் சடங்கு அது. யுனெஸ்கோ 2009இல் தன் பட்டியலில் சேர்த்தது. அதன் மதிப்பு பெரிது. மாயா பண்பாடு என்ற பெயரில் அதைப் பார்த்துவிட்டுப் போவது இரு மக்களுக்கும் நியாயம் செய்வதாகாது.

மொழியின் தடையும் உண்டு. பேருந்தில் ஆங்கிலம், ஊரில் மாயாவும் ஸ்பானியமும். வழிகாட்டி வீட்டாருக்காகப் பேசிவிடுகிறார். பயணி கேட்கும் கேள்வி வீட்டாரைச் சென்றடைவதே அரிது. வீட்டார் பயணியிடம் கேள்வி கேட்பதற்கான நேரம் எந்தத் திட்டத்திலும் ஒதுக்கப்படுவதில்லை.

பணம் போகும் வழி

நூறு டாலருக்குச் சீட்டு ஒன்று விற்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் கப்பல் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அது சிறிய பங்கு அல்ல. மீதியில் துறைமுகத்தில் உரிமம் பெற்ற சுற்றுலா நிறுவனத்தின் பங்கு, பேருந்து வாடகை, எரிபொருள், வழிகாட்டி ஊதியம், களத்தின் நுழைவுக் கட்டணம் எல்லாம் போகின்றன. நுழைவுக் கட்டணம் கூட்டாட்சி அரசின் நிறுவனத்துக்குப் போகிறது. பக்கத்து ஊருக்கு நேரடியாக எதுவும் வருவதில்லை. இத்தனையும் கழிந்து மிஞ்சும் சிறுதொகைதான் கிராமத்துக்கு. அதுவும் பெரும்பாலும் ஊருக்கு வராமல் நடத்துநரோடு உடன்பாடு உள்ள ஒரு வீட்டுக்கு வருகிறது. எஞ்சியோருக்கு வாய்ப்பு, பயணிகள் வாங்கும் கைவினைப் பொருளும் கொடுக்கும் அன்பளிப்பும் மட்டுமே.

இதில் இரண்டு கோளாறுகள் உள்ளன. ஆள்கணக்கில் பணம் தரப்படும்போது, பாதிப் பேருந்து வந்தாலும் இரவே சோளம் ஊறவைத்தவருக்கு உழைப்பு அதேதான்; வருமானம் மட்டும் பாதி. அலை பெரிதாகிக் கப்பல் துறையை அணுக முடியாமல் திரும்பிவிட்டால் ஒன்றுமே இல்லை. அடுத்து, ஒரே வீடு ஆண்டு முழுவதும் விருந்தினரை ஏற்றால் ஊருக்குள் மனக்கசப்பு வளரும். மற்றவர்கள் தங்களுக்குப் பயனில்லாத பேருந்துகளின் இரைச்சலை மட்டும் சுமக்க நேரும்.

இந்த இரண்டாவது கோளாறுக்குப் பக்கத்து நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பெலீஸின் தொலேதோ மாவட்டத்து மாயா கிராமங்களில் 1990இல் தொடங்கிய சுற்றுச்சூழல் சுற்றுலாச் சங்கம், வரும் விருந்தினரைக் குடும்பங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்தது. ஒரு வீட்டில் காலை உணவு, அடுத்த வீட்டில் மதிய உணவு, வேறொரு வீட்டில் இரவு உணவு. தங்குவது ஊர் விருந்தினர் குடிலில். வருமானத்தின் ஒரு பங்கு ஊர்ப் பொதுத் தேவைக்கு. கிந்தானா ரோவிலேயே, கரியோ புவெர்த்தோவுக்கு வடக்கே உள்ள செஞோர் என்ற ஊரில் ஷ்யாத் என்ற கூட்டுறவு அமைப்பு, வரலாறு, மூலிகை, நார்த்தொழில் எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே சொல்லும்படி சுற்றுலா நடத்துகிறது. அங்கே போரைப் பற்றி அதை எதிர்கொண்டவர்களின் வழித்தோன்றல்களே பேசுகிறார்கள். ஆனால் மஹாவாலிலிருந்து அங்கே போய்த் திரும்பக் கப்பல் பயணிக்கு நேரம் போதாது.

மாற்றக்கூடியவை

செஞோரை மஹாவாலுக்கு நகர்த்த முடியாது. கப்பல் நிற்கும் நேரத்தையும் நீட்ட முடியாது. ஆகவே இருக்கிற மூன்று மணி நேரத்துக்குள் எது முடியும் என்றே பார்க்க வேண்டும். முதலாவதாக, வரிசையை மாற்றலாம். கிராமத்தை முதலிலும் களத்தை இரண்டாவதாகவும் வைத்தால் தாமதம் கிராமத்தைத் தின்னாது. அதைவிடப் பெரிய பயன், சோளம் எப்படி உணவாகிறது என்று பார்த்துவிட்டு வந்தவர் கோயிலின் முன் நிற்கும்போது, அதைக் கட்டிய கைகளையும் சற்று முன் ரொட்டி தட்டிய கைகளையும் தொடர்புபடுத்திப் பார்க்க முடியும். காலை வெயில் தணிவாக இருக்கும்போது களத்தைப் பார்க்கும் வசதி இதனால் போகும் என்று நடத்துநர்கள் சொல்லக்கூடும். அது நியாயமான மறுப்புதான். பேருந்துகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் களத்துக்கும் மறுபாதியைக் கிராமத்துக்கும் முதலில் அனுப்பினால், குறைந்தது பாதிப் பேருக்காவது இந்தப் பயன் கிடைக்கும். இரு இடத்திலும் நெரிசலும் குறையும்.

இரண்டாவது, ஒரு வீட்டுக்கு நாற்பது பேரைக் கொண்டுபோய் நிறுத்துவதை விட்டு, அடுத்தடுத்த மூன்று நான்கு வீடுகளுக்குப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் ரொட்டி தட்டலாம். வருமானமும் பல வீடுகளுக்குப் பரவும். இதற்கு ஊரைச் சேர்ந்த, மாயாவும் ஆங்கிலமும் தெரிந்த இளைஞர்கள் சிலர் தேவை. சுற்றுலா வேலைக்காகக் கரைக்குப் போய் ஆங்கிலம் கற்றுக்கொண்ட இளைஞர்கள் இந்த வட்டாரத்து ஊர்களில் இருக்கிறார்கள். ஊரிலேயே வேலை என்றால் வரமாட்டார்கள் என்று கருதக் காரணமில்லை. மூன்றாவது, ஆள்கணக்கை விட்டு வருகைக்கு இவ்வளவு என்று நிலைத்த தொகை தர வேண்டும். கப்பல் வராமல் போனால் அதில் ஒரு பகுதியாவது தர வேண்டும். பேருந்துக்காரருக்கு இந்த ரத்துக் கட்டணம் வழக்கமாகவே உண்டு. சமைப்பவருக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டால் யாரிடமும் பதில் இராது.

இந்தத் திருத்தங்களைப் பேசுவதற்கான தருணம் இதுவே. 2024 அக்டோபரில் ராயல் கரிபியன் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனம் கோஸ்டா மாயா துறைமுகத்தை வாங்குவதாகவும், அங்கே பெரிய நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்றை அமைக்கத் திட்டமிடுவதாகவும் அறிவித்தது. சதுப்புக் காட்டுக்கும் பவளப்பாறைக்கும் என்ன ஆகும் என்ற கவலை உடனே எழுந்தது. உள்நாட்டு ஊர்களுக்கு அதோடு இன்னொரு கவலையும் உண்டு: பயணி துறைமுக வேலிக்குள்ளேயே நாள் முழுவதும் செலவழிக்கும்படி வசதிகள் பெருகினால், ஒரு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து யார் வருவார்கள் என்பது. கப்பல் பயணிகள் மீதான தலைவரியாக 42 டாலர் விதிக்க 2024 டிசம்பரில் மெக்சிகோ நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. கப்பல் நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜூலையிலிருந்து 5 டாலரில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவது என்று முடிவாயிற்று. மறுபுறம், மாயா ரயில் பாதையில் லிமோனெஸ்–சக்சோபென் என்றே ஒரு நிலையம் வந்திருக்கிறது. கப்பலின் கடிகாரத்துக்குக் கட்டுப்படாத, ஓரிரவு தங்கக்கூடிய விருந்தினர் அந்த வழியாக வர முடியும். அப்படிப்பட்டவர்களுக்கு மில்பாவையும் காட்டலாம், மாலைப் பேச்சுக்கும் நேரம் இருக்கும்.

எந்த வழியில் வந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது யார் என்பதே அடிப்படைக் கேள்வி. இன்று வரை அது பெரும்பாலும் நடத்துநருக்கும் ஒரு குடும்பத்துக்கும் இடையிலான வாய்மொழி உடன்பாடாகவே இருக்கிறது. எகிதோ ஊர்களில் பேரவை என்பது மெக்சிகோவின் வேளாண் சட்டம் ஏற்றுக்கொண்ட அமைப்பு. ஊரின் பொது நிலத்தைப் பற்றி முடிவெடுக்கவும் ஒப்பந்தம் செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. எத்தனை பேருந்து வரலாம், எந்த நாளில் வரக் கூடாது, எந்த வீடுகள் எந்த முறையில் ஏற்பது, எதைப் படமெடுக்கக் கூடாது, தொகை எவ்வளவு, ரத்தானால் எவ்வளவு என்பவற்றை அந்தப் பேரவையே விவாதித்து எழுத்தில் வைத்து, துறைமுகத்து நிறுவனத்தோடு நேரடியாகக் கையெழுத்திட்டால், மேலே சொன்ன திருத்தங்களில் பெரும்பாலானவற்றை வெளியிலிருந்து யாரும் பரிந்துரைக்க வேண்டிய தேவையே எழாது. அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை, இறந்தோருக்கு உணவு படைக்கும் ஹனால் பிஷான் நாட்களில், தங்கள் வீட்டுக்குள் பேருந்து கூட்டம் வர வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.